சுக்கூரின் சினிமாப் பெட்டி

கல்யாணப் பேச்சில் அப்துல் சுக்கூர் ஒரே ஒரு பொய்தான் சொன்னான். "எங்கிட்ட சொந்தமா சினிமா மெஷின் இருக்கு மாமா!"

மலைக்கோட்டைக்குக் கீழே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு சினிமா மெஷின் எதற்கு என்று மாமனார் அப்துல் சலாம் அப்போது கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து முசிறியிலிருந்து கடிதம் போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வருகிறாராம். இளைய மகள் ரஷீதாவும் வருகிறாளாம். படம் பார்க்க வேண்டுமாம்.

மனைவி வஹீதா கடிதத்தை மடித்தாள். "ஏங்க, முசிறி பூரா நான் பெருமையடிச்சு வச்சிருக்கேன். படம் தெரியலேன்னா அத்தாவோடயே பஸ் ஏறிடுவேன். நீங்க வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லும் முகமாக அது இல்லை.

நான்கே நாள். ஒரு பிஸ்கட் டின்னுக்கு முன்னால் பூதக்கண்ணாடி, பின்னால் ஃபிலிம் செருக ஒரு சந்து. கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் சினேகிதன் வீரமலை, அறுந்து விழுந்த ஃபிலிம் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். பட்டப்பகலில் விளக்கெதற்கு? வீரமலை முற்றத்தில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து ஜன்னல் வழியாக டின்னுக்குள் அனுப்ப வேண்டியது. கூடத்துச் சுவரில் படம் விழ வேண்டியது. திட்டம் பக்கா.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாமனார் வந்தார். ரஷீதா வந்தாள். சேதி பரவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். வந்தது வினை!

அத்தனை பெண்கள் கூடினால், ஆண்கள் பக்கம் தெரியாமல் கூடத்தின் நடுவே மறைப்புத் திரை கட்டியாக வேண்டும். கொடியில் ஈரம் காயாமல் கிடந்த வெள்ளை விரிப்பை வஹீதா எடுத்து வந்து கட்டினாள். சுவர் பெண்கள் பக்கம் போய்விட்டது. சுக்கூருக்கு மிஞ்சியது விரிப்புதான்.

"வீரமலை, வெயிலை விடு!"

விரிப்பில் ஒரு கதாநாயகி தலைகீழாகத் தொங்கினாள்.

"சினிமான்னு சொன்னீங்க. சர்க்கஸ் காட்டுறீங்களே மாப்பிள்ளே?" என்றார் மாமனார்.

சுக்கூர் டின் பக்கம் பாய்ந்தான். ஃபிலிமை உருவி, தோசையைத் திருப்புகிற மாதிரி மேல் கீழாகப் புரட்டிச் செருகினான். கதாநாயகி நிமிர்ந்துவிட்டாள். அப்பாடா! உற்சாகத்தில் அடுத்த துண்டையும் அப்படியே புரட்டிச் செருகினான். விரிப்பு நிறைய எழுத்துகள்.

மாமனார் கண்ணைச் சுருக்கினார். "இது தமிழும் இல்ல, அரபியும் இல்ல. எந்த நாட்டுப் படம் மாப்பிள்ளே இது?"

அத்தனை எழுத்தும் இடம் வலமாக மாறிக் கிடந்தன. வெளியே வீரமலை, "சீக்கிரம்டா, கை கடுக்குது!" என்று கத்தினான்.

மாமனார் எழுந்தே விட்டார். "வஹீதா, பெட்டிய எடும்மா. நாலரை பஸ்ஸப் பிடிச்சிடலாம்."

சுக்கூர் விரிப்பைப் பார்த்தான். அதற்குப் பின்னாலிருந்து ரஷீதாவின் குரல், எழுத்துக் கூட்டிப் படித்தது.

"இ...டை...வே...ளை! அக்கா, இடைவேளைன்னு போட்டிருக்கு! மச்சான் நெசமாவே சினிமா காட்டுறாரு!"

எட்டுப் பெண்களும் சேர்ந்து கை தட்டினார்கள். ஈர விரிப்பை ஊடுருவிய படம், அந்தப் பக்கம் அச்சடித்த மாதிரி நேராகத் தெரிந்திருக்கிறது!

"இடைவேளை முடிஞ்சா அடுத்தது போடுங்க மச்சான்!"

மாமனார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் போக முடியாது. இந்தப் பக்கம் படிக்க முடியாது. "மாப்பிள்ளே, எனக்கும் கொஞ்சம் நேராக்குங்களேன்."

சுக்கூரின் கை டின் பக்கம் போனது.

"ஏங்க, அதைத் தொடாதீங்க!" விரிப்புக்குப் பின்னாலிருந்து வஹீதா அதட்டினாள். "இப்படியே இருக்கட்டும். அத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்களே, கிளம்புங்க. நான் எங்கேயும் வரல."

"பஸ் கிடக்குது," என்றார் அப்துல் சலாம். "அங்க இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லு."