தடியில் விட்டிருந்த இடம்

என் கணவர் லோதரின் கைத்தடியில் இல்லாத ஓர் ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் ஓர் ஊரை நடந்து பார்த்தவர்கள், அவ்வூரின் கோபுரமோ வாயிலோ பொறித்த சிறு தகடு ஒன்றை வாங்கித் தடியில் ஆணியால் பொருத்திக்கொள்வது வழக்கம். லோதரின் தடியில் அத்தகைய தகடுகள் கைப்பிடியின் கீழே தொடங்கி, மீனின் செதில்களைப் போலப் பாதித் தடி வரை இறங்கியிருந்தன. அனைத்தும் அவர் தம் முதல் மனைவி அன்னெலீஸுடன் சென்ற ஊர்கள். அன்னெலீஸ் காலமாகிச் சில ஆண்டுகளுக்குப் பிறகே லோதர் என்னை மணந்தார். அப்போது இருவருக்குமே அறுபது வயது கடந்திருந்தது.

எந்த ஊருக்குச் சென்றாலும் லோதர் அங்கு ஏற்கெனவே சென்றிருப்பார். இந்தப் பாலத்தில்தான் அன்னெலீஸின் தொப்பி பறந்தது, இந்த உணவகத்தில்தான் அவள் சூப்பைத் திருப்பி அனுப்பினாள் என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டே வருவார். அதில் நான் குறைகாண ஒன்றுமில்லை. அன்னெலீஸ் தைத்த திரைச்சீலைகளே இன்றும் எங்கள் சமையலறையில் தொங்குகின்றன, நல்ல திரைச்சீலைகள். ஆயினும், லோதர் முதன்முறையாக என்னுடன் நுழையும் ஊர் ஒன்று, ஒன்றே ஒன்று, அந்தத் தடியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவ்வாறு தேர்ந்த ஊர் டிங்கெல்ஸ்புல். ஆலன் நகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான தூரம். பழைய மதில் இன்றும் ஊரை முழுவதுமாகச் சூழ்ந்து நிற்கிறது. ஊரின் பெயரைச் சொன்னபோது லோதர் தடியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, போகலாமே என்றார்.

மே மாதத்துச் சனிக்கிழமை. கிழக்கு வாயிலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். ஒரு சந்தின் முனையை நெருங்குகையில் லோதர் என் முழங்கையைப் பற்றினார்.

"பாத்து வா ரோஸி. திரும்பின உடனே ஒரு கல்லு தூக்கிக்கிட்டு இருக்கும்."

திரும்பினோம். கல் தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

தேவாலயத்திற்கு எதிரே உள்ள காபிக் கடையில் அமர்ந்து, சுருள் பன் வந்து, லோதர் வழக்கம்போல் என் பங்கின் ஓரத்தையும் பிய்த்துத் தின்னத் தொடங்கிய பிறகே கேட்டேன்.

"இங்க முன்னாடியே வந்திருக்க, இல்ல?"

"வந்திருக்கோம்," என்றார், தட்டைப் பார்த்தபடி. "நாங்க வந்த அன்னிக்கு நாள் பூரா மழை."

பிறகு முழுவதையும் சொன்னார். இதே கடையில், சன்னலோர மேசையில், மாலை வரை அமர்ந்து கேக்காகத் தின்று தீர்த்தார்களாம். கிளம்பும்போது லோதர் தகடு வாங்கப் போக, அன்னெலீஸ் அவர் கையில் ஓர் அடி வைத்தாராம். அன்னெலீஸுக்கு ஒரு சட்டம் இருந்தது: ஊரைச் சுற்றி ஒருமுறையேனும் நடக்காதவர்களுக்குத் தகடு கிடையாது.

"கேக் தின்னதுக்கெல்லாம் ஆணி அடிக்கக் கூடாதுடான்னா. அடுத்த தடவை வந்து நடக்கலாம்னு இடம் மட்டும் விட்டு வச்சா."

தடியைத் திருப்பிக் காட்டினார். கைப்பிடிக்கு அருகே, இரண்டு தகடுகளுக்கு நடுவில், வெறும் மரம். விரல் வைத்துப் பிடிப்பதற்காக விட்டது என்று நான் இத்தனை நாள் எண்ணியிருந்த இடம்.

முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்படிச் சொல்றது? தொடைக்கிற சாக்குல குளிர்காலம் பூரா தடியத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தேடின. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு ஊரைப் பிடிச்சிருக்க, அதையும் நான் கெடுக்கவா?"

நான் காகிதத் துவாலையை நான்காக மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். எனக்கென்று நான் தேர்ந்த ஒரே ஊருக்கும் முன்பே இடம் பிடிக்கப்பட்டிருந்தது. வீட்டிற்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் லோதர் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"வா, சுத்திட்டு வருவோம். இன்னிக்கு மழை இல்ல."

மதிலின் வெளிப்புறமாக நடந்தோம். குளத்தில் வாத்துகள் இருந்தன. பழைய அகழியில் யாரோ காய்கறி பயிரிட்டு, கொடியில் படுக்கை விரிப்புகளை உலர்த்தியிருந்தார்கள். லோதர் ஒவ்வொரு கோபுரத்தின் முன்பும் நின்றார். ஓரிடத்தில் மிகுந்த நம்பிக்கையோடு தவறான பாதையில் இறங்கி, ஒருவரின் முள்ளங்கிப் பாத்திக்குள் என்னையும் அழைத்துச் சென்றுவிட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மனிதர் கோபிக்கவில்லை.

"மதில் நகராதுங்க. நீங்கதான் திரும்பணும்."

அதன் பிறகு வெகுதூரம் சிரித்துக்கொண்டே நடந்தோம். அந்தச் சுற்று முழுவதும் லோதர் ஒரு பழைய கதையும் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் எதுவும் இல்லை என்பது, புறப்பட்ட வாயிலை மீண்டும் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அருகில் இருந்த நினைவுப்பொருள் கடையில் தகடு கேட்டதும், கடைக்காரப் பெண்மணி இழுப்பறையின் அடியில் வெகுநேரம் துழாவினார். இப்போதெல்லாம் எல்லாரும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம்தான் வாங்குகிறார்கள் என்று கூறி, தகட்டை ஊதித் தூசு தட்டி, இரண்டு சிறு ஆணிகளோடு கொடுத்தார். வாயிலருகே ஒரு பலகையில் அமர்ந்தோம். தகட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு லோதர் என்னைப் பார்த்தார்.

"அவ விட்ட இடத்துலயே அடி," என்றேன். மனமாரத்தான் சொன்னேன் என்று நம்புகிறேன்.

லோதர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அவ நடக்கலையே ரோஸி," என்றார். "கேக் தின்னதுக்கு ஆணி கிடையாது. அவளே சொன்னதுதான்."

கடைசித் தகட்டிற்கும் கீழே, ஒன்றுமில்லாத மரத்தின் மேல் தகட்டைப் பொருத்திப் பிடித்தார். ஒரு காலணியைக் கழற்றி, அதன் குதிகாலைச் சுத்தியலாகப் பயன்படுத்தும்படி என்னிடம் நீட்டினார்.

"நீ அடி. நாமதானே நடந்தோம்."

அதற்கு முன் நான் அத்தடியைத் துடைத்திருக்கிறேனே தவிர, அதில் எதையும் செய்ததில்லை. இரண்டாவது ஆணி கோணலாக இறங்கியது. தகட்டில் இருந்த கோபுரம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அன்னெலீஸாக இருந்தால் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொல்லியிருப்பாள் என்றார் லோதர். பிடுங்கட்டுமா என்று கேட்டேன்.

"விடு. சாஞ்சே இருக்கட்டும்."

திரும்பி வருகையில் தடி என் மடியில் இருந்தது. கைப்பிடிக்கு அருகே இருந்த வெற்றிடத்தை, தூசு படியாதிருக்கும்படி, கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தேன்.