ஒளிவட்டத்துக்கு வைத்தியம்

லிஃப்ட்காரர் அத்தையிடம் மனம் திறந்து சொன்ன முதல் வாக்கியம் இது: "உங்க முகத்தைச் சுத்தி ஒரு வெளிச்சம் இருக்குங்க." ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் தையல் மெஷினைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொண்டு அழாதவள், அந்த ஒரே வாக்கியத்தில் கவிழ்ந்துவிட்டாள். கவிழமாட்டாளா பின்னே? நம்மிடம் ஒருவர் அப்படிச் சொன்னால் நாமும்தான் கவிழ்வோம்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அத்தையின் தையல் கடை நாலாவது மாடியில், வீட்டின் முன்னறையிலேயே. ஒருநாள் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோக, கதவைப் பிளந்து, கை கொடுத்து, அவளை மேலே ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து அந்த லிஃப்டுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. காரணம் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். படியேறிக் கால் வலித்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து என்று நாளும் குறித்தாயிற்று.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு நேற்று ஆபரேஷன். துணைக்குப் போன அத்தை, காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கக் கூடாதா? சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். கண்புரையின் அறிகுறிகள்: பார்வை மங்குதல், நிறங்கள் வெளிறித் தெரிதல், வெளிச்சமானவற்றைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுதல்.

அத்தை அதை இன்னொரு முறை படித்தாள். ஆக, அந்த வெளிச்சம் தன் முகத்தில் இல்லை. அவருடைய கண்ணில் இருந்திருக்கிறது. அதைத்தான் உள்ளே மேஜையில் படுக்கவைத்து வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நேற்று. இன்று கட்டைப் பிரிப்பார்கள். சாயங்காலம் டீ குடிக்க வருகிறாராம். புதுக் கண்ணால் முதலில் அவளைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறார். பார்த்துவிட்டு மனசு மாறிவிட்டால்? இந்த ஒரு கேள்வியோடு அவள் காலையிலிருந்து ஒரே பாவாடைக்கு இரண்டு முறை ஓரம் அடித்துப் பிரித்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்து வாண்டு வந்து சேர்ந்தாள். வாண்டு என்பது அத்தையின் அண்ணன் மகள். முப்பது வயதாகிறது, பல் டாக்டர், ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிறாள். இருந்தும் வீட்டில் அவள் வாண்டுதான். கழுத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தொங்கியது. இரண்டு கையிலும் இரண்டு லென்ஸ். கேமராக் கடைக்காரர் ஒரு நாளைக்கு நம்பிக் கொடுத்திருக்கிறார். கடை மூடுவதற்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காலையிலிருந்து தெருநாய், தண்ணீர்க் குழாய், தன் வீட்டுக்காரர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளியிருந்தாள்.

"இது இந்தக் காலத்து லென்ஸ் அத்தை. ரொம்பக் கறார். கொசுவோட கால் முடி கூடத் தெரியும். அது பழைய பாணி. புதுசாத்தான் செய்யறாங்க, ஆனா அந்தக் காலத்துல எப்படி இருந்ததோ அப்படியே."

"பழசு மாதிரி எதுக்குப் புதுசாச் செய்யணும்?"

"அதுல ஒரு கிறுக்கு இருக்கு. ஓரமெல்லாம் மெத்துனு வரும். வெளிச்சத்தைச் சுத்தி ஒரு வட்டம் பூக்கும். அதுக்காகவே தேடித் தேடி வாங்கறாங்க."

அத்தை கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ரெண்டுலயும் என்னை எடு," என்றாள்.

வாண்டுவால் தன் காதையே நம்ப முடியவில்லை. கேமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண்மணி அல்லவா? எதற்கு என்று கேட்டாள். அத்தை சுவரில் படித்ததிலிருந்து ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். "இத்தனை நாள் அவர் என்ன பார்த்தார், இன்னிக்கு என்ன பார்க்கப் போறார்னு எனக்கு முன்கூட்டியே தெரியணும்."

முதலில் தானே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று கேமராவை வாங்கி வாண்டுவைப் பார்த்தாள். லென்ஸை மாற்றச் சொல்லி மறுபடியும் பார்த்தாள். "ரெண்டுலயும் நீ ஒரே மாதிரிதானே இருக்கே?"

"இந்தக் கேமராவுல லென்ஸ் வழியாப் பார்க்க முடியாது அத்தை. மேல தனியா ஒரு ஜன்னல் இருக்கில்ல, அது வழியாத்தான் பார்க்கறோம். எந்த லென்ஸைப் போட்டாலும் ஜன்னல்ல ஒண்ணாத்தான் தெரியும். எடுத்து முடிச்ச பிறகுதான் லென்ஸ் என்ன பார்த்துச்சுன்னு தெரியும்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு."

பழைய பாணி லென்ஸில் எடுத்த படம் திரையில் வந்தது. அத்தை வாயைப் பிளந்தாள். ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் பட்டு அப்படியே ததும்பிக்கொண்டிருந்தது. நரைமுடி வெள்ளிக் கம்பியாக மினுங்கியது. இவளையா நான்கு மாடிக் கட்டடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று அவளுக்கே தோன்றியது. தலைகால் புரியாமல் சிரித்து, "பாவம் மனுஷன், விழாம என்ன செய்வார்?" என்றாள்.

அடுத்து கறார் லென்ஸ். இதில் இருந்தவள் வேறு. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. மேலுதட்டில் மீசை என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மோவாயில் தையல் சாக்பீஸ் கறை. வாண்டுவோ ஆனந்தத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இமை முடியை ஒண்ணொண்ணா எண்ணலாம். கடைவாய்ப் பல்லுல சொத்தை ஆரம்பிக்குது பாருங்க, நாளைக்கே வாங்க." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்குப் பல் டாக்டரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது; வெட்கம் அதைத் தடுத்தது. பிறகு விருட்டென்று எழுந்தாள். "ஜன்னல் திரையை இழுத்து விடு."

அதற்குப் பிறகு அந்த அறை பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். பெரிய விளக்கை அணைத்தார்கள். சின்ன விளக்கைக் கொண்டுவந்து, அத்தை உட்காரப்போகும் மூலை நாற்காலிக்குப் பின்னால் வைத்தார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகத்தில் எதுவும் தெரியாது என்றாள் வாண்டு. அதன்மேல் அத்தை ஒரு சல்லாத் துணியைப் போர்த்தினாள். அவர் உட்கார வேண்டிய சோபாவை இரண்டு பேரும் தள்ளித் தள்ளி எதிர்ச்சுவர் வரைக்கும் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மனுஷன் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துதான் டீ குடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை சிரித்துச் சிரித்து, தான் எதற்குப் பயந்தோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனாள்.

மணி அடித்தது.

கதவைத் திறந்தால், கறுப்புக் கண்ணாடியும் நெற்றிவரை இறக்கிய தொப்பியும் மூக்குவரை ஏற்றிய கழுத்துத் துண்டுமாக ஒருவர் நின்றார். வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர் என்றே வாண்டு நினைத்தாள். அவர் அறையை ஒரு பார்வை பார்த்தார். சோபாவைக் கண்டுகொள்ளவே இல்லை. விறுவிறுவென்று நடந்து மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அது என் நாற்காலி," என்றாள் அத்தை.

"இங்க உட்கார்ந்தாத்தான் முகம் இருட்டா இருக்குங்க."

"அதனாலதான் அது என் நாற்காலி."

அவர் எழுந்திருக்கவில்லை. அத்தை நின்றுகொண்டே இருந்தாள். வாண்டு டீ போடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்று கேட்டாள்.

"கட்டைப் பிரிச்சாங்க," என்றார் அவர் கடைசியில். "கை கழுவலாம்னு போனேன். எதிர்ல ஒரு கிழவர் வந்தார். முதல்ல அவர் போகட்டுமேன்னு ஒதுங்கி வழி விட்டேன். அவரும் ஒதுங்கினார். அப்புறம்தான் அது கண்ணாடின்னு தெரிஞ்சுது."

அத்தைக்குச் சிரிப்பு முட்டியது. அவர் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டாள்.

"உங்க கண்ணுல புரை கிரை ஏதாவது?"

"இல்லையே."

"கண்ணாடியும் போடறதில்லை."

"ஊசி கோர்க்கக்கூட வேண்டியதில்லை. ஏன்?"

"அப்போ," என்றார், துண்டைக் கீழே இறக்கியபடி, "இத்தனை நாளும் இதைப் பார்த்துட்டா சம்மதம்னு சொன்னீங்க?"

அத்தை அப்படியே நின்றாள். நேற்றிலிருந்து தன்னைத்தானே எத்தனை விதமாகப் பார்த்துப் பார்த்து நொந்திருந்தாள். அவருக்கும் இதே பயம் வரும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் காதில் புதராக முளைத்திருக்கும் முடியை முதல் நாளே லிஃப்ட் வாசலில் பார்த்தவள் அவள். முன்பல் ஒன்று மற்றதோடு கோபித்துக்கொண்டு திரும்பி நிற்பதையும் பார்த்திருந்தாள். அதெல்லாம் அவளுக்குக் குறையென்று ஒருநாளும் பட்டதில்லை. சந்தோஷம் அவளுக்குக் குபீரென்று பொங்கியது.

"ஆமா," என்றாள். "முழுசாப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

போய் ஜன்னல் திரையைச் சர்ரென்று விலக்கிவிட்டு, வெளிச்சத்தில் நின்றாள். "இப்போ நீங்க பாருங்க."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வலதைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடியும் இடதைப் பொத்தினார். சமையலறை வாசலில் வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புதுக் கண்ணுல அந்த வெளிச்சம் இல்லைங்க," என்றார்.

அத்தை தலையாட்டினாள். எனக்குத் தெரியும் என்பதுபோலச் சிரித்தும் வைத்தாள்.

"ஆனா கன்னத்துல ஒரு குழி விழுது. இதை ஏன் இத்தனை நாள் எனக்குக் காட்டவே இல்லை?"

வாண்டுவுக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை, கேமராவோடு ஓடிவந்தாள். "ரெண்டு பேரும் ஜன்னல்கிட்ட நில்லுங்க. எந்த லென்ஸ் போடட்டும்?"

"கறாரானதையே போடு," என்றாள் அத்தை. "ஒளிவட்டக்காரியைக் கடைக்கே அனுப்பிடு."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. வேண்டாம்னு சொல்லிடவா? முகம் பார்த்துச் சவரம் பண்றதுக்காவது ஒரு மங்கின கண்ணு இருக்கட்டுமே."

"போய்ப் பண்ணிக்குங்க," என்றாள் அத்தை. "இத்தனை நாள் ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியேதானே தெளிவாப் பார்த்துட்டு இருந்தேன்."