அமாவாசையில் ஒரு தறிச் சத்தம்

"ஏசு உனக்கு யாருடி?" என்று மரியம்மாள் ஒருமுறை காந்தாவைக் கேட்டாள்.

"இரட்சகர்" என்று காந்தா ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள்.

"அது ஊருக்கே. உனக்கு யாருன்னு கேட்டா?"

காந்தா தலையைக் குனிந்துகொண்டாள். எட்டாவதோடு பள்ளியை விட்டு, நெசவுக்காரர் வீடுகளில் பட்டுநூல் சுற்றிப் பிழைக்கும் பெண். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்கு வாய் எழும்பாது. கோயிலில் ஒருநாளும் சத்தமாக ஜெபித்ததில்லை.

மரியம்மாள் அதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரியில் ரத்தம் தோய்ந்த கட்டுத்துணிகளைத் துவைத்தே காலம் தள்ளியவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. நெசவுத் தெருவின் கோடியில் ஓடு வேய்ந்த ஓர் ஒற்றை அறைதான் இருந்தது. அந்த எழுபத்து மூன்றாம் வருஷம், சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "பீடத்துக்குப் புதுசா பட்டுத்திரை எதுக்குபா? நோவுல படுத்துக்கினு இருக்கறவங்கள ஒருத்தராவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பாடகர் குழுத் தலைவர் முனிரத்தினம் வாத்தியாருக்கு முகம் கறுத்தது. அதன்பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. அவளைப் போய்ப் பார்க்கவும் யாருக்கும் நேரமில்லை. கிறிஸ்துமசுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காகிதத் தோரணம் ஒட்ட வேண்டும், நாடக ஒத்திகை பார்க்க வேண்டும். காந்தா தேவதூதர்களுக்கு இறக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போகலாம் என்று அவளும் நாலு நாளைத் தள்ளிவிட்டாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பவனி. பாடகர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வரவேற்பார்கள். சபையோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் மட்டும் கதவை அடைத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு பாட்டோடு நகர்ந்துவிடுவது வழக்கம். வருந்திக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு.

மரியம்மாளின் கதவு திறக்கவில்லை.

"ராங்கி இன்னும் எறங்கல" என்றார் முனிரத்தினம். "ஒரு பாட்டு போதும். இன்னும் பதினோரு வீடு இருக்குது."

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற காந்தாவுக்கு, பாட்டுக்கு நடுவே 'டக், டக்' என்று ஏதோ கேட்டது.

"அக்கா, உள்ள தட்றாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற தேவகியிடம்.

"அது தறி ஓடுதுடி. இந்தத் தெருவுல வேற என்னா சத்தம் கேக்கும்? விளக்க நேரா புடி."

காந்தா விளக்கை நேராகப் பிடித்தாள். கூட்டம் நகர்ந்தது. மூன்று வீடு தாண்டியதும், நெசவுக்காரர் கலியாணசுந்தர முதலியார் வீட்டு வாசலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காந்தா நின்றுவிட்டாள். அன்று அமாவாசை. அமாவாசையன்று அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அதனால்தான் அவளுக்கே வேலை இல்லை.

விளக்கைத் தேவகியின் கையில் திணித்தாள்; கூட்டம் பாட்டோடு முன்னே போய்விட்டது. முதலியாரிடம் போய் நின்றாள்.

"மொதலியாரே... மரியம்மா அத்த கதவ ஒடைக்கணும்."

நிமிர்ந்து பார்த்தவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

உள்ளே மரியம்மாள் தரையில் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கைக்கெட்டிய பித்தளை டம்ளரால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது, புடவை முழுக்க ஈரம்.

"நேத்தும் முந்தாநாளும் இந்தப் பக்கம் போவும்போது எனக்கும் கேட்டுதுமா" என்றார் முதலியார். "பக்கத்து ஊட்டுத் தறின்னு நெனைச்சிக்கினு இருந்துட்டேன்." பக்கத்துத் தெரு டாக்டரை அவரே அழைத்து வந்தார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, ஓர் ஊசி போட்டு, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினா வழி தாங்காது. அசைக்காதீங்க. நாளைக்குப் பொழுது தாண்டினா பெருசு" என்று சொல்லிப் போனார்.

விடிந்ததும் கோயில் மணி அடித்தது. தகவல் சொல்லப் போன முதலியாரின் பெண்சாதி, ஆராதனை முடிந்து எல்லாரும் வருவார்களாம் என்று பதில் கொண்டுவந்தாள். காந்தா அதே பழைய பாவாடையோடு உட்கார்ந்து, பஞ்சை நனைத்து மரியம்மாளின் உதட்டில் ஒற்றினாள்.

"பண்டிகைடி... கோயிலுக்குப் போவல?"

"போவல அத்த."

"ரெக்கையெல்லாம்?"

"எங்க ஊட்லதான் கெடக்குது."

"அப்ப தேவதூதன் நடந்துதான் வரணும்." சிரிக்கப் போனவளுக்கு மூச்சு முட்டியது. காந்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பயமா இருக்குது காந்தா. ஜெபம் பண்ணு. எனக்குக் கேக்கறாப்ல பண்ணு."

காந்தாவுக்குக் கோயில் ஜெபத்தில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஆண்டவரே, இவங்களுக்கு வலிக்குது. தண்ணிகூட எறங்கல. நேத்து வாசல்ல நின்னு பாடிட்டு நான் போய்ட்டேன். நீரு போயிருக்க மாட்டீரு. ரெண்டு நாளும் உள்ளதான் இருந்திருப்பீரு. இப்பவும் இரும். நானும் இருக்கேன்."

சொல்லி முடித்தபோது அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது அவளுக்கே விளங்கியது. வெட்கம் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். எத்தனை தடவை என்று தெரியாது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து, மூச்சு அடங்கிய பிறகும், இன்னொரு தடவை சொன்னாள்.

பிறகு தண்ணீர் காய்ச்சி, மரியம்மாளின் உடம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியபின் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முனிரத்தினம் வாத்தியார் புது வேட்டி சட்டையில், கையில் காகிதம் சுற்றிய கேக்குத் துண்டோடு வந்து நின்றார்.

"ஏம்மா காந்தா, ரெண்டு மணிக்கு நாடகம். ரெக்கைய எங்க வச்சிக்கினு..."

அறைக்குள் கிடந்த உடம்பின் மேல் அவர் பார்வை போனது.

காந்தா துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நேத்து நாம பாடும்போது தட்டுனாங்க சார். கேட்டுச்சி."

அவர் கேக்கைப் படியில் வைத்தார். வைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தெருவில் இறங்கி நடந்தார்.