ஏரிக்கரை ஒன்றரை மைல்

எனக்குச் சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் நல்லவன் போல நடித்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாட்டு வண்டிக்காரன் தூங்கிக்கொண்டே போவான், ஆனால் அவன் மாட்டுக்கு வழிவிடத் தெரியும். நடந்து போகிறவன் ஹாரன் சத்தம் கேட்டால் ஓரத்தில் குதித்துவிடுவான். சைக்கிள்காரன் மட்டும், இரண்டு சக்கரம் கிடைத்த உடனே ரோடு மொத்தமும் மாமனார் கொடுத்த சீதனம் என்று நினைத்துக்கொள்வான்.

முப்பத்திரண்டாம் வருஷம் நான் ஆம்பூரில் சுப்பராயன் முதலாளியின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். பெயர் ரத்தினசாமி. ஆம்பூரிலிருந்து நரிமேட்டுக்குப் பதினோரு மைல். நரிமேட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத் தோல் சந்தை கூடும். சுற்றுவட்டாரத்துக் கிராமத்துக்காரர்கள் உப்புத் தடவிய தோலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஆம்பூர் வியாபாரிகள் என் பஸ்ஸில் போய் வாங்குவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்ட வேண்டிய வண்டி அது, ஆனால் எனக்குச் சோறு போட்டது.

நரிமேட்டில் தந்தி ஆபீஸ் கிடையாது. மெட்ராஸில் தோல் என்ன விலைக்குப் போகிறது என்ற தந்தி செவ்வாய் காலை எட்டரை மணிக்கு ஆம்பூருக்கு வரும். அந்தச் சேதி யார் மூலமாக முதலில் நரிமேட்டுக்குப் போகிறதோ, அவருக்குத்தான் அன்றைய சந்தை. விலை ஏறியிருந்தால், கிராமத்துக்காரனுக்குத் தெரிவதற்குள் பழைய விலைக்கே வாங்கிக் குவிக்கலாம். இறங்கியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கலாம். பத்து நிமிஷம் முந்தினால் போதும்.

நரிமேட்டிலேயே கிடங்கு வைத்திருந்த மக்பூல் அகமது சாயபு என் பஸ்ஸை நம்பவில்லை. தந்தியை வாங்கிவர ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்பினார். அவன்தான் தேவானந்தம். ஒல்லியான ஆள், முப்பது வயது இருக்கும். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தந்தியைத் தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு மிதிப்பான்.

பஸ்ஸைச் சைக்கிள் முந்துமா என்று சிரிக்க வேண்டாம். பஸ் என்றால் ஊருக்கு ஊர் நிற்க வேண்டும். மேடு ஏறினால் எஞ்சின் கொதிக்கும், இறங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெற்றிலைக் கூடைக்காரி சில்லறை தேடுவாள். எல்லாம் முடிந்து ஒன்பதாவது மைலில் ஏரிக்கரைக்கு வரும்போது தேவானந்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பான். அந்தக் கரைமேல் ரோடு ஒன்றரை மைல். ஒரு பஸ் போகும் அகலம்தான். நரிமேட்டுக்குப் போகும்போது இடது பக்கம் ஏரி, கல் பதித்த சரிவு. வலது பக்கம் பனை உயரத்துக்குக் கீழே வயல். அவன் நட்டநடுவில் போவான். நான் பின்னால் ஊர்ந்துகொண்டு, ரப்பர் ஹாரனைக் கை வலிக்கும் வரை அமுக்குவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பஸ்ஸுக்குள் வியாபாரிகள் பல்லைக் கடிப்பார்கள், எனக்குக் காது சிவந்துபோகும். அப்படி எட்டு வாரம்.

ஒன்பதாவது வாரம் முதலாளி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மைத்துனர் மூர்த்தியும் தோல் வியாபாரிதான், அவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ரத்தினசாமி, சைக்கிளுக்குப் பின்னாடி போறதுக்கா உனுக்கு பெட்ரோல் ஊத்தறேன்?” என்றார் முதலாளி.

“கரையில எடம் இல்லீங்க. அவன் ஒதுங்க மாட்டேங்கறான்.”

“ஒதுங்க வைக்கணும். எப்டின்னு நான் கேக்க மாட்டேன். அடுத்த வாரமும் சாயபு ஆள்தான் மொதல்ல போறான்னா, ஜோலார்பேட்டையில டிரைவருங்க நெறைய பேர் சும்மா இருக்கறாங்க.”

மூர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை போனால் என்ன செய்வேன் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தச் செவ்வாய் நான் கரைமேல் அவனுக்கு ஒரு கஜம் பின்னால் வரை போனேன். முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் பஸ்ஸின் முன் தகடு அவன் பின்சக்கரத்து மட்கார்டை ஒரு தட்டுத் தட்டியது. சைக்கிள் ஆடியது. அவன் எப்படியோ சமாளித்து இறங்கி, சைக்கிளோடு கரை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றான். நான் முந்திப் போனேன். பஸ்ஸுக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். கல்யாண மாப்பிள்ளை போல நரிமேட்டில் இறங்கினேன்.

மறுநாள் காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தேவானந்தம் வந்தான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று தம்ளரைக் கீழே வைத்தேன். அவன் கை கூப்பினான்.

“அண்ணா, ஒரு வார்த்த. ரோட்டுல எங்க வேணா ஒதுங்கறேன். கரையில மட்டும் முடியாது.”

“ஏன், மகாராஜாவுக்கு இன்னா தடங்கல்?”

“மழையில ஓரமெல்லாம் பொத்துப் போயிருக்குதுண்ணா. நேத்து நான் நின்ன எடத்துல மண்ணு காலடியிலயே சரிஞ்சிது. ஏரிப் பக்கம் வுழுந்தா கல்லு. கரை முடிஞ்சதும் நானே எறங்கி வழி வுடறேன், நீங்களே முன்னாடி போங்க. சாயபுகிட்ட நான் சொல்லிக்கறேன். கரை மேல மட்டும் ரெண்டு வண்டி தூரம் தள்ளி வாங்க.”

நியாயமான பேச்சு. அவன் ஜெயிப்பதையே விட்டுக்கொடுக்கிறேன் என்கிறான். ஒரு ‘சரி’ சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் நேற்று கைதட்டு வாங்கியவன்.

“பயமா இருந்தா நடந்து போ,” என்றேன். கடையில் சிரித்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த செவ்வாய் ஐப்பசி அடைமழை. விடிந்தும் விடியாத மாதிரி வானம். தந்தி வந்தது. மெட்ராஸில் விலை எகிறியிருந்தது, இரண்டு வருஷத்தில் பார்க்காத ஏற்றம். வியாபாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் யாரையும் ஏற்ற வேண்டாம், ஆகிற நஷ்டத்தை நாங்கள் கொடுத்துவிடுகிறோம் என்று மூர்த்தி சொன்னார். வண்டியில் எட்டு வியாபாரிகள், கண்டக்டர் ஜியாவுதீன், நான். வேறு யாருமில்லை.

தந்தி ஆபீஸிலிருந்து தேவானந்தம் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பியிருந்தான். மேட்டில் எஞ்சின் வழக்கம்போல் கொதித்துக் கால் மணி நேரத்தை விழுங்கியது. ஏரிக்கரைக்கு வந்தபோது மழைக்குள் அவன் முதுகு தெரிந்தது. கரையில் கால்வாசி தூரம் போயிருந்தான். ஏரி ததும்பி நின்றது. கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஆள் இல்லை, ஒரு மாடு இல்லை. இவ்வளவு வெறிச்சென்ற ரோட்டை நான் பார்த்ததே இல்லை.

“அமுக்குப்பா,” என்றார் மூர்த்தி.

ஹாரனை அமுக்கினேன். தேவானந்தம் திரும்பாமல் ஒரு கையை மட்டும் தூக்கி, பொறு என்பது போலக் காட்டினான். பிறகு இன்னும் வேகமாக மிதித்தான். கரையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் ஒதுங்கிவிடலாம் என்று நினைத்திருப்பான். இப்போது அது புரிகிறது. அப்போது எனக்கு, இவன் நம்மோடு பந்தயம் ஓடுகிறான் என்றுதான் பட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன்.

தட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. அவ்வளவு லேசு. போன வாரம் கேட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தது, ஓரத்து மண் அப்படியே கரைந்தது, எனக்கு முன்னால் ரோடு காலியாகிவிட்டது.

“வுழுந்துட்டான்! நிறுத்துப்பா, நிறுத்து!” பின் படியில் நின்றிருந்த ஜியாவுதீன் கத்தினான். “கை ஆட்டறான்பா!”

பிரேக்கில் கால் வைத்தேன். வண்டி வழுக்கி நின்றது.

“கை ஆட்டறான்னா எழுந்து வருவான்,” என்றார் மூர்த்தி. “நீ ஓட்டு.”

ரஷீத் அஹமது என்று ஒரு வயதான வியாபாரி, “ஒரு தடவை எறங்கிப் பாத்துடலாமே,” என்று மெதுவாகச் சொன்னார். யாராவது ஆமாம் என்பார்கள் என்று அவர் சுற்றிலும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒருவர் குடையை மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஷீத் அஹமது வாயை மூடிக்கொண்டார்.

கியர் போட்டேன். கை ஆட்டினவனுக்கு உயிர் இருக்கிறது, உயிர் இருக்கிறவன் ஏறி வருவான் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

சந்தையில் அவர்கள் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்திருக்க வேண்டும். நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண், முழங்கை வரை உப்பு ஒட்டிய கையோடு, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, நான் தேவானந்தம் சம்சாரம், பொன்மலரு. சாயபு கிடங்குல உப்புப் போடறேன். இவரு இன்னும் வரலியே. வழியில பாத்தீங்களா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு மைல்தான். சாயபு வீட்டு ஜட்கா இருந்தது, கிடங்கில் ஆள் இருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன், பொய் தடுக்காமல் வந்தது.

“பாத்தேம்மா. கரைக்கு ரொம்ப அந்தாண்ட, புளியமரத்தாண்ட. டயர்ல காத்து எறங்கிட்டாப்ல இருந்திச்சு. தள்ளிக்கினு வர்றாரு. மெதுவா வந்துடுவாரு.”

அவள் முகம் தெளிந்தது. “நல்ல வேள, உங்களக் கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். அங்கிருந்து தள்ளிக்கொண்டு வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அத்தனை நேரம் யாரும் அவனைத் தேடிப் போகாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். ரோட்டில் வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று நம்பினேன். மழை விடவே இல்லை.

மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். ஜியாவுதீனைக் காணோம். வயிற்று வலி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மூர்த்தி வாங்கின தோலைக் கட்டவேண்டும் என்று சந்தையிலேயே தங்கிவிட்டார். மற்ற வியாபாரிகள் பஸ்ஸை நோக்கி வந்தார்கள். அப்போது பொன்மலர் வந்து, என் பக்கத்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரஷீத் அஹமது படியில் ஒரு கால் வைத்தவர் அவளைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார். மாட்டு வண்டியில் வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களுக்கும் ஒவ்வொரு வேலை ஞாபகம் வந்தது. கடைசியில் பஸ்ஸில் அவளும் நானும்தான்.

“சாயபு போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாருண்ணா,” என்றாள். “புளியமரத்தாண்ட எறக்கி வுடுங்க. அங்கருந்து தேடிக்கறேன்.”

நான் தலையாட்டினேன்.

“அதுவரிக்கும் இந்தப் பக்கம் நான் பாத்துக்கினே வர்றேன். ஏரிப் பக்கம் நீங்க பாத்துக்குங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது.”

திரும்பும்போது ஏரி வலது பக்கம், நான் உட்காரும் பக்கம். நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவள் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வயல் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஜெபம் பண்ணினாள் போலிருக்கிறது. பார்க்காமல் போய்விடலாம், புளியமரத்தில் இறக்கிவிட்டு ஆம்பூருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். நினைத்தபடியே ஏரியைப் பார்த்தேன்.

ஓரத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு மண் பெயர்ந்திருந்தது. கீழே கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சைக்கிளின் பின்சக்கரம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கை. கல்லைப் பிடித்தபடியே இருந்தது, அசையவில்லை. தண்ணீர் காலையைவிட ஏறியிருந்தது.

வண்டி நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தியிருப்பேன். கை இரண்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

பொன்மலர் இன்னும் வயல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரோட்டை முன்னால் எட்டிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“புளியமரம் இன்னும் வரலியேண்ணா,” என்றாள். “இங்க ஏன் நிறுத்தினீங்க?”