இருட்டில் தழை தின்னாது

ஏம்பலம் கிராமத்தில் விவசாயி அய்யனாரின் கரும்புக் கொல்லை நடுவே ஒரு பாழுங்கிணறு. அந்தக் கோடையில் கரும்பு வாடவே, அந்தக் கிணற்றைத் தூர்வாரிவிட முடிவு செய்தார். பழங்கிணற்றின் அடியில் கெட்ட காற்று தங்கும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் முந்தின நாளே வண்டி வண்டியாகப் புங்கந்தழை வெட்டி உள்ளே தள்ளினார். தழை அந்தக் காற்றைத் தின்றுவிடும் என்றார்.

அது தவறென்று மருமகள் கஸ்தூரிக்குத் தெரியும். வில்லியனூரில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். இலை அந்தக் கெட்ட காற்றான கரியமிலவாயுவை இழுத்து, வேர் கொடுக்கும் தண்ணீரோடு சேர்த்துச் சர்க்கரையாக்கும். கரும்பின் தித்திப்பே அதுதான். ஆனால் அதற்கு வெயில் வேண்டும். வெட்டிப்போட்ட தழை கிணற்றிருட்டில் அழுகி, அதே காற்றை இன்னும் கக்கும். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? கல்யாணமாகி மூன்று மாதம். அவர் எதிரில் அவள் வாய் திறந்ததே இல்லை. இறங்கப்போன கணவன் தணிகைவேலிடம், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளும்படி மட்டும் கெஞ்சினாள். அவன் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டான். மறுமுனையை வேப்பமரத்தில் கட்டினார்கள்.

பாதிப் படிவரை அவன் பேச்சுக் கேட்டது. அப்புறம் இல்லை. எட்டிப் பார்த்தால், தழைமேல் குப்புறக் கிடந்தான்.

அய்யனார் மகனைக் கூப்பிட்டபடி படியில் கால் வைத்தார். கஸ்தூரி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"எறங்காதீங்க மாமா. தழ இருட்டுல காத்தத் தின்னாது. நீங்களும் வுழுந்துட்டா இழுக்க ஆளில்ல."

அவர் உதறினார். அவள் விடவில்லை.

"கயித்தப் புடிங்க."

இருவரும் இழுத்தார்கள். நடுவில் கயிறு கல்லில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. தளர்த்தி, தள்ளி நின்று மறுபடி இழுத்தார்கள். மேலே வந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. வரப்பில் கிடத்தி நெஞ்சைத் தேய்த்தார்கள். எவ்வளவு நேரமோ, கடைசியில் இருமினான்.

மூன்று நாள் தலைவலியோடு கிடந்தான். மருமகளின் படிப்புதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று அய்யனார் ஊரெல்லாம் சொன்னார். அது காதில் விழும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நாலாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது கணவனிடம் சொல்லிவிட்டாள்.

"தழ காத்தத் தின்னாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். பயத்துல சொல்லல."

அவன் கஞ்சியைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான்.

"இனிமே சொல்லு," என்றான்.