முழங்கால் அளவு தண்ணீர்

"நேத்து நாம சொன்னது தப்புன்னு சொல்லணும் சார். நம்ம சேனல்லயே சொல்லணும்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேட்கக் கூடாது என்று செய்தி ஆசிரியர் எனக்குச் சொல்லிவைத்த ஒரே விஷயம் அது. லீவு கேட்கலாம், சம்பள உயர்வு கேட்டுத் திட்டு வாங்கலாம். ஒளிபரப்பான செய்திக்குத் திருத்தம் மட்டும் கேட்கக் கூடாது. இந்த சேனல் இதுவரை திருத்தம் போட்டதே இல்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. தப்பே செய்ததில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

"எது தப்பு?" அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மலை வெள்ளம். நம்ம நிருபர் மேல் குடியிருப்புக்குப் போகவே இல்ல. கீழ் ஊர்ல நின்னுக்கிட்டு மேலேன்னு சொல்லிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது என் ஊரு சார்."

நிருபர் பக்கத்து மேசையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் குடை என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் புயலானாலும் சேனல் பெயர் போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று பேசுவார். நேற்று முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, மேல் குடியிருப்புக்கு உணவும் மருந்தும் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

"எங்க ஊர்ல தண்ணி நிக்காதுண்ணே," என்றேன். "நிக்கறதுக்கு அங்க சமதளம் ஏது? தக்காளி கைதவறி விழுந்தா அடுத்த தெருவுலதான் போய்ப் பொறுக்கணும். வெள்ளம்னா சேறும் பாறையுமா இறங்கி, குறுக்க இருக்கற வீட்டையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். நீங்க நின்னது கீழ் ஊர் பள்ளிக்கூட மைதானம். பின்னாடி கோல் கம்பமே தெரியுது."

"ரோடு பள்ளத்துல கிடக்கும்மா. அதுக்கு மேல நான் என்ன பறந்தா போறது?" குடைக்குக் குரல் ஏறியது. "சேத்தைக் காட்டினா வெள்ளம் மாதிரியே இல்ல, தண்ணியில நில்லுன்னு இங்கிருந்து உயிரை வாங்கினாங்க. தண்ணி இருந்த இடத்துல நின்னேன். நிவாரண லாரி கீழ வந்துச்சு. மேலயும் எப்படியாவது போயிருக்கும்னு நினைச்சேன்."

"நினைச்சதைச் செய்தியாச் சொல்லிட்டீங்க."

அவர் டீயை எடுத்து ஊதத் தொடங்கினார்.

காலையில் அண்ணன் பேசியிருந்தான். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்றிருப்பான் போல, காற்று இரைந்தது. "பாப்பா, நமக்குச் சோறு வந்திருச்சுன்னு உங்க சேனல் சொன்னதா ரேடியோல சொல்றாங்க. எந்த வழியா வந்துச்சுன்னு கேட்டுச் சொல்லு, நாங்களே போய் எதிர்கொண்டு கூட்டிட்டு வர்றோம்" என்று சிரித்தான். அப்புறம் சிரிக்காமல் அம்மாவைப் பற்றிச் சொன்னான். சேறு தள்ளிய கதவில் கால் மாட்டி நசுங்கிவிட்டது. வீங்கிக் கறுத்து, நாற்றமெடுக்கத் தொடங்கிவிட்டது. காய்ச்சலில் உளறுகிறாள். தூக்கிக்கொண்டு இறங்க வழி இல்லை. "ஹெலிகாப்டர் வந்தாத்தான் பாப்பா." அதோடு போன் அணைந்துவிட்டது.

நிவாரணக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினேன். எடுத்தவர் நல்ல மனிதர்தான். "அங்க உதவி போயாச்சேம்மா, உங்க சேனல்லயே வந்துச்சே. அதைப் பார்த்துத்தான் ஹெலிகாப்டரை வேற பக்கம் அனுப்பினோம். தப்புன்னா உங்க சேனலையே சொல்லச் சொல்லுங்க, திருப்பிடறோம்" என்றார்.

இவ்வளவையும் ஆசிரியரிடம் சொல்லி முடித்தேன். அவர் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணன் பேசினதை ரெக்கார்ட் பண்ணியா?"

"இல்ல."

"பரவாயில்ல, நீயே வா. அடுத்த புல்லட்டின்ல உட்காரு. மலையின் மகள்னு தலைப்பு போடுவோம். அம்மாவைப் பத்திப் பேசு. அழுகை வந்தா அடக்காதே. ஹெலிகாப்டர் தானா வரும்."

"நேத்து சொன்னது தப்புன்னு?"

"அது எதுக்கு? மறுபடியும் மண் சரிஞ்சிருச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் மானம் போகாது."

"அப்போ நேத்து போன சாப்பாடும் மருந்தும் அவங்ககிட்ட இருக்குன்னுதானே நினைப்பாங்க? மெதுவாப் போகலாம்னு விட்டுருவாங்க சார்."

"குடும்பத்துல முதல் பட்டதாரி நீ. உன் சம்பளத்துலதான் அங்க அடுப்பு எரியுது. யோசிச்சுப் பேசு."

அடுப்பையே அடித்துக்கொண்டு போய்விட்டது, எங்கே எரிவது? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "சரி சார், உட்கார்றேன்" என்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

ஒப்பனை அக்கா பவுடரைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "வேண்டாமாம்டி, களைப்பாவே தெரியட்டுமாம்." என் தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டாள். சங்கடத்தோடு தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நேரலை தொடங்கியது. செய்தி வாசிப்பவர் குரலைத் தாழ்த்தி, "இந்த நேரத்தில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"என் மனநிலையை விடுங்க. மேல் குடியிருப்புக்கு உதவி போயிருச்சுன்னு நேத்து இந்த சேனல்ல சொன்னது தப்பு. யாரும் போகல. நீங்க பார்த்தது கீழ் ஊர் மைதானத்துத் தண்ணி. மேல ரோடு இல்ல, சோறு இல்ல, மருந்து இல்ல. கால் நசுங்கி எங்கம்மா கிடக்கறாங்க. கட்டுப்பாட்டு அறையில இருக்கறவங்களுக்குத்தான் சொல்றேன், ஹெலிகாப்டரைத் திருப்…"

கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. எதிரே இருந்த திரையில் விளம்பரம் வந்தது, யாரோ குளிர்பானம் குடித்தார்கள்.

மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தேன். வாசலில் ஆசிரியர் மூச்சு வாங்க நின்றார். "இனிமே எந்த சேனல்லயும் உன்னை வாசப்படி ஏத்த மாட்டாங்க, தெரியுமா?"

நான் கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். அதே மனிதர். "பார்த்தேம்மா. ஆனா உடனே உங்க ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்ல, கண்டுக்காதீங்கன்னாங்க. எங்க மேலதிகாரி இப்போ என்ன செய்யறதுன்னு குழம்பிப்போய் உட்கார்ந்திருக்காரு."

"இருக்கச் சொல்லுங்க. நான் நேர்ல வர்றேன். வரைபடத்துல கை வெச்சுக் காட்டறேன்."

குடை தன் மேசையிலேயே இருந்தார். "மேல போகலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா உடனே நம்புவாங்க. வர்றீங்களாண்ணே?"

அவர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்.

அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு எது குறுக்கு வழி என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தேன்.