ஆனந்தவள்ளிக்கு மாலை வேண்டாம்

ஹரிஹரசுதன் எழுந்து பால் காய்ச்சினான். டிகாக்‌ஷன் இறங்கும்வரை அடுப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு டம்ளரில் காபி கலந்தான். போன வருஷம்வரை இரண்டாவது டம்ளர் மனைவி யமுனாவுடையது. இப்போது யமுனாவின் அம்மாவுடையது. குடித்தான், குளித்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டான், வண்டியை வெளியே எடுத்தான்.

ஆனந்தவள்ளி டிபன் பாக்ஸோடு வந்து பின்னால் உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி, கன்டோன்மென்ட் பக்கம் உள்ள கருவூல அலுவலகத்தில் அவரை இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. கணவர் சர்வீஸில் இருக்கும்போதே செத்துப்போனதால் கிடைத்த வேலை. அப்போது யமுனா கைக்குழந்தை. அன்றிலிருந்து ஊரார் பென்ஷன் பில்லையெல்லாம் பார்த்தாயிற்று.

திங்கட்கிழமை பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன.

"அடுத்த வருஷம் இதே மாசம் நானும் பென்ஷனுக்காக எங்க ஆபீஸ் கவுன்டர்ல வந்து நிக்கணும் மாப்பிள்ளை. உசுரோடதான் இருக்கேன்னு காட்டணும்."

"செல்லுலயே பண்ணிக்கலாம் அத்தை."

"அதுலயும் கண்ணைச் சிமிட்டிக் காட்டணுமாம். செத்தவ சிமிட்டினா அது கண்டுபிடிக்குமா?"

கீழே காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை அத்தை உள்ளே போனதும், அவருடைய செக்‌ஷனில் வேலை பார்க்கும் ரிஃபானா கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. மாலை வேணாம், கார் வேணாம், ஃபங்ஷனே வேணாங்கறாங்க. வாட்ச்மேன் ரிட்டயர் ஆனப்பக்கூட வேன் வச்சு வீடு வரைக்கும் கொண்டு போய் விட்டோம்ணா."

"என்ன காரணம் சொன்னாங்க?"

ரிஃபானா தரையைப் பார்த்தாள். "பெத்த பொண்ணு அம்மா அம்மான்னு கூப்பிட்டப்ப நான் இந்தச் சேர்ல உக்காந்திருந்தேன், மாலைய இந்தச் சேருக்குப் போடுங்கடீன்னாங்க."

போன டிசம்பரில் யமுனாவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். தேறிவிடுவாள் என்று சொன்னார்கள். காலையில் பார்த்துவிட்டுத்தான் ஆனந்தவள்ளி ஆபீஸ் போனார். மத்தியானம் வார்டிலிருந்து ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரோடு கூட நடந்தது ஹரிஹரசுதன் மட்டும்தான். இருட்டிய பிறகு அத்தை வந்து சேர்ந்தபோது யமுனாவுக்கு நினைவில்லை. விடியற்காலையில் போய்விட்டாள்.

இழவு வீட்டில், தொட்டியத்திலிருந்து வந்த அவன் சித்தி இருளாயி ஆனந்தவள்ளியைக் கட்டிக்கொண்டு, "அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் போச்சாம் புள்ள" என்று அழுதாள். சித்தி ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லை. அழுகிற வேகத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவன் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இல்லை என்றால், பின்னே என்னதான் சொன்னாள் என்று கேட்பார். யமுனா சொன்னது அவனுக்குத் தெரியும். அதை அத்தை தாங்குவாரா, சித்தியின் பொய்யோடேயே இருந்துவிடட்டுமா என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காபி ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. அத்தை நேற்றைய புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நேரமாச்சு அத்தை."

"நான் போகல."

"கடைசி நாள். சார்ஜ் ஒப்படைக்கணும்ல?"

"வந்து வாங்கிக்கிட்டுப் போகட்டும். அன்னிக்கில்ல நான் போகாம இருந்திருக்கணும்."

அவன் கதவோரம் நின்றான். வண்டிச் சாவி கையில் இருந்தது.

"கேக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றார். "எத்தனை தடவை கூப்பிட்டா மாப்பிள்ளை?"

"கூப்பிடல."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"சித்தி அங்க வரவே இல்ல அத்தை. நான்தான் இருந்தேன். அவ கூப்பிடல."

ஆனந்தவள்ளி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

"அப்ப ஒண்ணுமே சொல்லலையா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். எழுந்து குளிப்பார். பட்டுப்புடவை கட்டுவார். மாலையைக்கூடப் போட்டுக்கொள்வார். அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யமுனாவைப் பற்றி அவனிடம் கேட்க அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

"சொன்னா," என்றான். "ஸ்ட்ரெச்சர் போகும்போது உங்ககிட்டப் பேசலாம்னு போனை எடுத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. நானும் அவ பேச்சைக் கேட்டுட்டேன் அத்தை. பொழுது சாஞ்சப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டேன்."

"என்ன சொன்னா?"

அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"அம்மாவுக்குப் போட்டுடாதப்பா. மாசக் கடைசி, பில்லுக்குள்ள முழுகிக் கிடப்பாங்க, பாவம். சாயங்காலம் நானே பேசிக்கிறேன்."